எட்டு வசனம்

வருடா வருடம் தமிழ்மொழித் தினப் போட்டிக்கு நாடகம் பழக்குகின்ற ஆசிரியர்களுக்கு ஓர் அனுபவம் பொதுவானது. பாத்திரங்களைப் பங்கிட்டுக் கொடுத்த மறுநாள் காலையில் பாடசாலைக் கேற்றடியில் இரண்டு மூன்று பெற்றோர் காத்து நிற்பார்கள். ராஜா வேஷம் கிடைத்த பிள்ளையின் தாய் அதில் இருக்கமாட்டா. காவலாளி, ஓலை கொண்டு வருபவன், 'இரண்டாம் கிராமவாசி' ஆகியோரின் தாய்மாரே வருவார்கள். "சேர், எங்கட புள்ள படிப்பிலயும் கெட்டிதானே, ஏன் சேர் அவனுக்கு இந்த வேஷம்?" என்ற கேள்விக்கு ஒவ்வொரு வருடமும் நான் ஏதோ ஒரு பதிலைச் சொல்லி அனுப்பி வந்திருக்கிறேன்.

சிறிய பாத்திரம் என்று ஒன்றில்லை, சிறிய நடிகர்கள்தான் உண்டு என்றொரு கருத்தை ரஷ்ய நாடக மேதை ஸ்தனிஸ்லாவ்ஸ்கியின் பெயரோடு சேர்த்துச் சொல்வார்கள். அட்டாளைச்சேனை ஆசிரியர் கலாசாலையில் நான் பயிற்சி பெற்ற காலத்தில் எங்கள் விரிவுரையாளரும் இதைச் சொன்னார். கேட்க நல்ல வார்த்தைதான். ஆனால் இதை அதிகமாகச் சொல்பவர்கள் பெரிய பாத்திரம் கிடைத்தவர்களும், பாத்திரங்களைப் பங்கிடும் எங்களைப் போன்றவர்களுமே. இரண்டாம் கிராமவாசிக்கு இரண்டு வசனம். அது சிறிய பாத்திரம்தான். பத்து வயதுப் பிள்ளைக்கும் அது விளங்கும். சிறியது என்பதை ஒத்துக்கொண்ட பிறகு, அந்தச் சிறிய இடத்திற்குள் ஒரு முழு மனிதனை எப்படிக் குடியேற்றுவது என்பதுதான் நடிப்பவனுக்கு உள்ள வேலை.

இந்த வேலை எப்படி நடக்கிறது என்பதை அண்மைக் காலத்தில் நான் இரண்டு இடங்களில் பார்த்தேன். ஒன்று, உலகம் முழுவதும் பார்த்த ஓர் இந்தி இணையத் தொடர். மற்றது, எங்கள் கரையோரக் கிராமத்தில் எடுத்து, எண்ணூறு பேர் மட்டும் பார்த்த ஒரு யூடியூப் தொடர். முதலாவதைச் சொன்னால்தான் இரண்டாவது விளங்கும் என்பதால் அதிலிருந்து தொடங்குகிறேன்.

'பஞ்சாயத்' என்ற தொடரை என் மூத்த மகள்தான் எனக்கு அறிமுகப்படுத்தினாள். இந்தி எனக்குத் தெரியாது. தொலைபேசித் திரையின் அடியில் ஓடும் ஆங்கில எழுத்துக்களை வாசித்துக்கொண்டே பார்த்தேன். 2020 ஏப்ரலில் அமேசன் பிரைமில் இதன் முதற் பருவம் வெளியானது. யூடியூபில் குறைந்த செலவில் தொடர்கள் எடுத்துப் பெயர் பெற்ற 'தி வைரல் ஃபீவர்' நிறுவனம் தயாரித்தது. சந்தன் குமார் எழுத, தீபக் குமார் மிஸ்ரா இயக்கினார். நல்ல வேலை கிடைக்காத ஒரு பட்டதாரி இளைஞன் உத்தரப் பிரதேசத்தின் பல்லியா மாவட்டத்தில் 'புலேரா' என்ற கற்பனைக் கிராமத்துக்குப் பஞ்சாயத்துச் செயலாளராகப் போகிறான். இதுதான் கதை. படப்பிடிப்பு நடந்ததோ மத்தியப் பிரதேசத்தின் செஹோர் மாவட்டத்தில் உள்ள மஹோடியா என்ற கிராமத்தில். பஞ்சாயத்துக் கட்டடம், தண்ணீர்த் தாங்கி, சில வீடுகள், ஒரு மோட்டார் சைக்கிள். பாட்டு இல்லை, ஆகாயத்தில் பறக்கும் சண்டை இல்லை. கதிரை ஒன்றுக்காகவும் கம்பியூட்டர் திரை ஒன்றுக்காகவும் ஒரு முழுப் பகுதி ஓடும். தூரக் கிராமத்துப் பாடசாலைக்கு முதல் நியமனம் பெற்றுப் போன எந்த ஆசிரியனும் அதில் தன் முகத்தைக் காண்பான்.

கதாநாயகன் ஜிதேந்திர குமார். கிராமத்தின் உண்மையான தலைவி மஞ்சு தேவியாக நீனா குப்தா. தலைவியின் பெயரில் அதிகாரம் செலுத்தும் கணவராக ரகுபீர் யாதவ். இவர்கள் மூவரும் கதையைச் சுமப்பவர்கள். நான் சொல்ல வந்தது இவர்களுக்குப் பக்கத்தில் நிற்கும் உபதலைவர் பிரஹலாத் பாண்டேயைப் பற்றி.

முதற் பருவத்தில் பிரஹலாத் என்ன செய்கிறார் என்று கேட்டால், நிற்கிறார் என்றுதான் சொல்லவேண்டும். பருத்த உடம்பு. தோளில் ஒரு துண்டு. தலைவர் பேசும்போது தலைவரின் முகத்தைப் பார்க்கிறார். செயலாளர் பேசும்போது செயலாளரின் முகத்தைப் பார்க்கிறார். பகிடிக்கு முதலில் சிரிப்பவர் அவர். பிரச்சினை என்றால் முதலில் வந்து நிற்பவரும் அவரே. வசனங்கள் பெரும்பாலும் மற்றவர்களின் வசனத்துக்குத் துணைபோகின்றவை. ஆனால் அவர் கேட்கின்ற விதத்தைக் கவனியுங்கள். தனது முறை வரும்வரை காத்திருக்கும் நடிகரின் கேட்டல் அல்ல அது. நாடகப் பயிற்சியில் பிள்ளைகளுக்கு நான் படாத பாடுபட்டுச் சொல்வது இதைத்தான். மற்றவன் பேசும்போது உனது அடுத்த வசனத்தை வாய்க்குள் மெல்லாதே, அவன் சொல்வதைக் கேள். பிள்ளைகளுக்கு அது வருவதில்லை. வளர்ந்த நடிகர்கள் பலருக்கும் வருவதில்லை.

பிரஹலாதாக நடித்தவர் அலகாபாத்தைச் சேர்ந்த ஃபைசல் மலிக். நடிகராகத் தொடங்கியவரும் அல்லர். படத் தயாரிப்பு வேலைகளில் இருந்தவர். 2012இல் வந்த 'கேங்ஸ் ஒஃப் வாஸேபூர்' படத்தில் பொலிஸ் அதிகாரி வேஷத்துக்குரிய நடிகர் வராமற்போக, படப்பிடிப்பில் வேலையாக நின்ற இவரை அந்த உடுப்பில் ஏற்றிவிட்டார்கள். அப்படித்தான் இவர் கமெராவுக்கு முன்னால் வந்தார். ஆள் வராத இடத்தை நிரப்ப வந்த ஒரு மலிக், எட்டு வருடத்துக்குப் பிறகு ஒரு பாண்டேயாக நின்று வட இந்தியக் கிராமத்து வீடுகள்தோறும் சொந்தக்காரரானார். நடிப்பில் நடக்கும் இந்தக் கூடுவிட்டுக் கூடுபாய்தலை இன்றைய இந்தியச் சூழலில் வைத்து யோசிக்கும்போது மனதுக்கு ஓர் ஆறுதல் வருகிறது.

2022 மே மாதம் இரண்டாம் பருவம் வந்தது. அதன் கடைசிப் பகுதியில் பிரஹலாதின் ஒரே மகன், இராணுவ வீரன், இறந்துவிட்ட செய்தி ஊருக்கு வருகிறது. அதுவரை சிரித்துக்கொண்டிருந்த அந்தப் பெரிய உடம்பு பேச்சற்றுப்போகிறது. நான் இதை எழுதும்போதும் அந்த முகம் கண்ணுக்குள் நிற்கிறது. அந்தக் காட்சியின் பலம் அந்தக் காட்சிக்குள் மட்டும் இல்லை என்பதைப் பிறகு திரும்பத் திரும்பப் பார்த்தபோது உணர்ந்தேன். முந்திய பதினைந்து பகுதிகளில் அவர் மற்றவர்களுக்குப் பக்கத்தில் நின்ற நிலைதான் அங்கே வேலை செய்கிறது. யாருக்கு என்ன நடந்தாலும் வந்து நின்ற மனிதர் இன்று நிற்கமுடியாமல் இருக்கிறார். அதனால் மற்றவர்கள் வந்து நிற்கிறார்கள். அவர் கதாநாயகனாக இருந்திருந்தால் நாங்கள் அந்தச் சோகத்துக்கு முன்கூட்டியே தயாராகியிருப்போம். துணைப் பாத்திரத்துக்கு இப்படியொன்று நேருமென்று எவரும் எதிர்பார்ப்பதில்லை. வீட்டிலும் ஊரிலும் அப்படித்தான். சிரித்துக்கொண்டு திரிபவனுக்கு ஒரு துயரம் இருக்குமென்று நாங்கள் எண்ணுவதில்லை.

2024 மே மாதம் வந்த மூன்றாம் பருவத்தில் அவர் வீட்டுக்குள் போக மனமில்லாமல் வெளியில் கிடக்கிறார், குடிக்கிறார். அரசாங்கம் கொடுத்த நட்டஈட்டுப் பணம் இருக்கிறது. அதைக்கொண்டு என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. நடிகர் இங்கே அழுகையை மிகவும் சிக்கனமாகச் செலவு செய்கிறார். நடை தாமதமாகிறது. முன்பு பகிடிக்கு உடனே சிரித்தவர் இப்போது சற்றுப் பிந்திச் சிரிக்கிறார். அந்தப் பிந்துதலில்தான் முழுத் துயரமும் இருக்கிறது. 2023இல் கோவாவில் நடந்த 54ஆவது இந்திய சர்வதேசத் திரைப்பட விழாவில் சிறந்த இணையத் தொடருக்கான விருதை முதன்முறையாக ஏற்படுத்தியபோது, அது இத்தொடரின் இரண்டாம் பருவத்துக்கே கிடைத்தது. அதில் பிரஹலாதுக்கும் ஒரு பங்கு உண்டென்பது என் எண்ணம்.

செலவு குறைந்த தொடர்களில் இப்படித் துணைப் பாத்திரங்கள் வளர்வது தற்செயலானதன்று. பெரிய நட்சத்திரத்துக்குச் சம்பளம் கொடுத்த படத்தில் கமெரா நட்சத்திரத்தை விட்டு விலகாது. கொடுத்த காசுக்கு முகம் தெரியவேண்டுமல்லவா? துணை நடிகருக்கு இரண்டு காட்சி, அதற்குள் வந்துபோகவேண்டும். நட்சத்திரம் இல்லாத தொடரில் ஒரே இடத்தில் ஒரே நாலைந்து முகங்களை எட்டுப் பகுதிகளுக்குக் காட்டியாகவேண்டும். எழுதுபவர் அந்த முகங்களைப் பார்க்கிறார். எது எதைத் தாங்கும் என்று கண்டுபிடிக்கிறார். அடுத்த பருவத்தில் அதன்மீது பாரத்தை வைக்கிறார். நடிகர் விதைத்ததை எழுத்தாளர் அறுவடை செய்யும் ஒரு முறை இது. 2024 செப்டெம்பரில் இதே தொடர் 'தலைவெட்டியான் பாளையம்' என்ற பெயரில் தமிழிலும் வந்தது. 'மர்மதேசம்' தொடரால் எங்களுக்கு அறிமுகமான நாகா இயக்க, சேத்தனும் தேவதர்ஷினியும் நடித்தார்கள். ஆர்வமுள்ளவர்கள் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

இனி எங்கள் ஊர்ப் பையனின் கதை.

அவன் எனது பழைய மாணவன். இப்போது வயது இருபத்தைந்து. மேசன்மாருக்குக் கையாளாக வேலை செய்கிறான். பாடசாலை நாட்களில் ஓலை கொண்டு வருபவனாகவும் காவலாளியாகவும் நின்றவன். 2004 டிசம்பர் 26இல் கடல் வந்தபோது அவனுக்கு நாலு வயது. உம்மாவும் தங்கச்சியும் போய்விட்டார்கள். வாப்பா பிறகு வேறு ஊரில் கலியாணம் முடித்துக்கொண்டார். உம்மம்மாதான் வளர்த்தா. ஊருக்கு அவன் பகிடிக்காரன். கலியாண வீடுகளில் சோறு பரிமாறும்போது அவன் நிற்கும் பக்கத்தில் எப்போதும் சிரிப்புச் சத்தம் கேட்கும்.

2024 ஆகஸ்ட் விடுமுறையில் ஒரு நாள் பின்னேரம் அவன் என்னைத் தேடி வந்தான். எங்கள் ஊரில் கொமியுனிகேஷன் கடை வைத்திருக்கும் இளைஞர் ஒருவர் ஆறு பகுதிகளில் ஒரு யூடியூப் தொடர் எடுக்கப்போகிறார். சீட்டுக் காசு எடுத்து ஒன்றரை இலட்சம் ரூபாவை ஒதுக்கியிருக்கிறார். கலியாண வீடியோ எடுப்பவரின் கமெரா. கதை ஒரு தேத்தண்ணிக் கடையில் நடக்கிறது. கடைக்காரக் காக்காவின் மகன் கட்டாரில். அந்தக் கடையில் எடுபிடி வேலை செய்யும் பையன்தான் இவன்.

"எத்தின வசனம் தம்பி?" என்று கேட்டேன்.

"எட்டு சேர். அதிலயும் மூணு, 'இந்தா வாறன் காக்கா' எண்டதுதான்."

சொல்லிவிட்டு அவனே சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னான். "ஆனா சேர், எனக்கு இது ஒழுங்காச் செய்யோணும். பகிடிக்கு என்னப் போட்டிருக்காங்க. பகிடி மட்டும் செஞ்சிட்டு வர எனக்கு விருப்பமில்ல."

அன்றிரவு அவனுக்குப் 'பஞ்சாயத்'தின் சில பகுதிகளைப் போட்டுக் காட்டினேன். கதை சொல்லாமல், பிரஹலாதை மட்டும் பார்க்கச் சொன்னேன். பேசாத நேரத்தில் அந்த மனிதர் கைகளை என்ன செய்கிறார் என்று பார். யாரைப் பார்க்கிறார் என்று பார். அவன் ஒரு மணித்தியாலம் பார்த்துவிட்டுக் கேட்ட கேள்வி என்னைத் திகைக்க வைத்தது. "சேர், இந்தாளுக்கு வீட்டில ஆருமில்லையா? எப்ப பாத்தாலும் மத்தவங்கட வீட்டிலயே நிக்காரே." மகன் இறக்கும் பகுதியை நான் அவனுக்கு இன்னும் காட்டியிருக்கவில்லை.

அதன்பிறகு நாங்கள் செய்தது பெரிய வித்தை ஒன்றுமில்லை. ஒரு சீயார் கொப்பியை எடுத்து, பிரதியில் இல்லாத கேள்விகளை எழுதினோம். இந்தப் பையன் இரவில் எங்கே படுக்கிறான்? கடைக்குள்ளா, வீட்டிலா? சம்பளம் நாளுக்கா, மாதத்துக்கா? அதை யாரிடம் கொடுக்கிறான்? எந்த வாடிக்கையாளரைப் பிடிக்காது? காக்கா அவனைக் கடைசியாக எப்போது ஏசினார்? பதில்களை அவனே எழுதினான். பிறகு உண்மையான ஒரு கடைக்குப் போய் நாலைந்து காலைகளில் சுபஹுக்குப் பிறகு சும்மா நின்றான். மூன்றாம் நாள் அவனாகவே கோப்பை கழுவத் தொடங்கிவிட்டானாம். ஒரு கையில் ஐந்து கிளாஸ் எடுக்கப் பழகினான். சூடான கிளாஸின் வாய்ப்பக்கத்தில் விரல் படக்கூடாது, அடியில் பிடித்தால் சுடும், நடுவில்தான் பிடிக்கவேண்டும் என்று எனக்குப் பாடம் எடுத்தான்.

படப்பிடிப்பு நடந்தது வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளிலும். கையாள் வேலை கிடைக்கும் ஞாயிறுகளில் அவன் நாட்கூலியை விட்டுவிட்டுப் போனான். நடிப்புக்குச் சம்பளம் இல்லை, பகல் சாப்பாடு உண்டு. தனது சொந்த உடுப்புத்தான். சாரனும் கைலேஞ்சியும் அவனுடையவை. கடையை வாடகைக்கு விட்டவர் முதலிரண்டு நாட்களையே உறுதியாகத் தந்ததால், ஐந்தாம் பகுதியின் பெரிய காட்சியை முதலில் எடுக்க வேண்டியதாயிற்று. துயரத்தை முதலில் நடித்துவிட்டு ஒரு மாதம் கழித்துப் பகிடியை நடிக்கவேண்டும். குறைந்த செலவில் எடுக்கும் தொடரில் துணை நடிகனுக்கு வரும் பெரிய சோதனை இது. அந்த நாளில் எந்தச் சேட், எத்தனை பொத்தான் பூட்டியிருந்தது, சாரன் எதுவரை நனைந்திருந்தது என்பதை எழுதிவைக்க அங்கே தனியாள் கிடையாது. அவன் தனது சீயார் கொப்பியில் எல்லாவற்றையும் குறித்துவைத்தான். பின்னர் கதாநாயகனின் சேட்டுப் பற்றிச் சந்தேகம் வந்தபோதும் அந்தக் கொப்பியைத்தான் கேட்டார்கள்.

அந்த ஐந்தாம் பகுதிக் காட்சி இதுதான். கட்டாரில் காக்காவின் மகன் வாகன விபத்தில் இறந்த செய்தி கடைக்குத் தொலைபேசியில் வருகிறது. இயக்குநரும் 'பஞ்சாயத்' பார்த்தவர்தான் என்பது எங்களுக்குத் தெரிந்தது. எங்கள் ஊர்களில் இது கற்பனையும் அல்ல, அப்படிச் செய்தி வந்த வீடுகள் பல. பிரதியில் இவனுக்கு வசனம் இல்லை. 'பையன் கதறி அழுகிறான்' என்று ஒரே வரி. கண்ணீருக்குக் கிளிசரின் போத்தல் ஒன்று வாங்கி வைத்திருந்தார்கள்.

அதற்கு முந்திய நாள் இரவு அவன் வீட்டுக்கு வந்தான். முகத்தில் பகிடி இல்லை.

"சேர், எனக்கு அழ வராது. சின்னதில இருந்தே வராது. உம்மாட மௌத்தை நினைச்சு அழு எண்டு அவங்க சொல்றாங்க. நான் அத எடுக்கிறதா சேர்?"

நான் சிறிது நேரம் யோசித்தேன். நடிப்புப் பற்றிய நூல்களில் இதற்கு விடை உண்டு. சொந்த நினைவைத் தூண்டி உணர்ச்சியை வரவழைப்பது தெரிந்த முறைதான். ஸ்தனிஸ்லாவ்ஸ்கியும் ஒரு காலகட்டத்தில் அதை வலியுறுத்தினார். பின்னாளில் உணர்ச்சியைத் தேடிப்போகாமல் செயலைத் தேடிப்போ, உணர்ச்சி பின்னால் வரும் என்ற பக்கத்துக்கு அவர் நகர்ந்தார். ஆனால் எனக்கு முன்னால் நின்றது நூல் அல்ல. உம்மாவின் முகம்கூடச் சரியாக ஞாபகமில்லாத ஒரு பிள்ளை. அவனிடம் இருக்கும் அந்தக் கொஞ்ச நினைவையும் கமெராவுக்குக் கொடுத்துவிட்டு வா என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"அது உன்ட. அத எடுக்கவேணாம் தம்பி," என்றேன். "நீ அழவேணும் எண்டு ஒரு கட்டாயமுமில்ல. அந்தக் கடைப் பையன் அந்த நேரத்தில என்ன வேல செய்வான்? அத மட்டும் யோசி."

அவன் வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னான். "எங்கட ஊட்டில அண்டைக்கு ஆரும் எனக்கு ஒண்டும் சொல்லல்லயாம் சேர். எல்லாரும் ஓடி ஓடி வேலதான் செஞ்சாங்களாம். உம்மம்மா சொல்லுவா."

மறுநாள் நானும் போயிருந்தேன். காக்காவாக நடித்தவர் தொலைபேசியைக் காதில் வைத்தபடி கதிரையில் சரிந்தார். சுற்றி இருந்தவர்கள் அழுதார்கள். இவன் முதலில் அசையவில்லை. பிறகு அடுப்படிக்குப் போய்க் கொதித்துக்கொண்டிருந்த கேத்தலுக்குக் கீழே கேஸை அணைத்தான். ஏற்கனவே ஊற்றிவைத்த இரண்டு தேத்தண்ணியைக் கொண்டுபோய்க் காத்திருந்த இருவருக்கு முன்னால் வைத்தான். அதில் ஒருவர் வழக்கம்போல் காசை நீட்ட, அந்தக் கையை மெதுவாகத் திருப்பிவிட்டான். பின்பு கடை வாசலின் பலகைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பொருத்தத் தொடங்கினான். கடைசிப் பலகையை வைக்கும்போது கைலேஞ்சியால் முகத்தைத் துடைத்தான். அது வியர்வையா வேறு எதுவுமா என்று எனக்குத் தெரியவில்லை. கமெராவுக்கும் தெரியவில்லை.

இயக்குநர் இளைஞர் வெட்டச் சொல்ல மறந்து நின்றார். பிறகு, கிளிசரினோடு இன்னொரு முறை எடுத்துவைப்போம் என்றார். எடுத்தார்கள். அதிலும் இவன் சொன்னபடி கதறிப் பார்த்தான். இரவு இரண்டையும் போட்டுப் பார்த்துவிட்டு முதலாவதையே வைத்துக்கொண்டார். அந்த நேர்மைக்கு அவரைப் பாராட்டத்தான் வேண்டும். தனது பிரதியில் தான் எழுதிய ஒரு வரியை, எட்டு வசனக்காரன் ஒருவனுக்காக விட்டுக்கொடுப்பது எல்லோருக்கும் முடிகிற காரியமல்ல.

தொடர் 2025 ஜனவரியில் வெளியானது. பெரிய பரபரப்பு ஒன்றும் இல்லை. ஐந்தாம் பகுதியைப் பார்த்தவர்கள் எண்ணூறு சொச்சம். இருந்த ஒரே நல்ல ஒலிவாங்கி கதாநாயகனின் சேட்டில் குத்தப்பட்டிருந்ததால், இவனது எட்டு வசனங்களில் மூன்றைக் கடற்காற்று கொண்டுபோய்விட்டது. மறுபடி குரல் பதிக்கக் காசு இல்லை. மிச்சம் ஐந்து. ஆனால் ஊரில் இப்போது அவனைக் காணும் பிள்ளைகள் அந்த ஐந்தில் ஒன்றையும் சொல்வதில்லை. ஒரு கையில் ஐந்து கிளாஸ் எடுப்பது எப்படி என்று கேட்கிறார்கள்.

நடிப்பு எங்களுக்குத் தேவையா, கூத்தாடுவது மரியாதையான காரியமா என்று அவனுடைய மாமா ஒருவர் வீடு தேடிப் போய்ச் சத்தம் போட்டிருக்கிறார். ஊருக்குள் அந்த அபிப்பிராயம் உள்ளவர்கள் பலர். அவர்களோடு நான் வாதாடப்போவதில்லை. மாமா போனபின் உம்மம்மாவுக்குத் தொலைபேசியில் அந்தப் பகுதியைக் காட்டியிருக்கிறான். கண்ணருகே பிடித்துக் கடைசிவரை பார்த்திருக்கிறா. நடிப்பைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. "கேஸ அணைச்சான்தானே, புத்தியுள்ள புள்ள" என்று மட்டும் சொன்னாவாம். இதை என்னிடம் சொல்லும்போதுதான் அவன் கண் கலங்கியதை நான் முதன்முதலாகப் பார்த்தேன்.

2025 ஜூனில் 'பஞ்சாயத்'தின் நான்காம் பருவம் வந்தது. அவனும் நானும் சேர்ந்தே பார்த்தோம். அதில் பினோத் என்றொருவன். அசோக் பாத்தக் நடித்தது. இரண்டாம் பருவத்தில் எதிர்க்கட்சிக்காரனுக்குப் பின்னால் வாயைத் திறந்தபடி நின்றவன். அவன் பெயரை வைத்து அன்று இந்தியா முழுவதும் பகிடி விட்டார்கள். நான்காம் பருவத்தில் தேர்தல் வருகிறது. அவனைத் தம் பக்கம் இழுக்கத் தலைவர் வீட்டில் விருந்துக்கு அழைக்கிறார்கள். ஏழை. ஆசையோடு சாப்பிடுகிறான். அழைத்த காரணம் விளங்கியதும், வறுமை வேறு, நம்பினவனைக் கைவிடுவது வேறு என்ற பொருளில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு எழுந்துபோகிறான். இரண்டு பருவங்கள் எல்லோரும் பார்த்துச் சிரித்த அந்த முகத்தை அதன்பிறகு பார்த்துச் சிரிக்க முடியவில்லை. "இவரும் கனகாலமா சும்மா நிண்டவர்தானே சேர்," என்றான் இவன்.

எழுதுகின்ற நண்பர்களிடம் ஒன்று சொல்லவேண்டும் போலிருக்கிறது. எங்கள் சிறுகதைகளில் தேத்தண்ணிக் கடை எத்தனை முறை வந்திருக்கிறது! கதாநாயகனும் அவனுடைய நண்பனும் அங்கே அமர்ந்து சமூகத்தைப் பற்றி நீளமாகப் பேசுவார்கள். ஒரு பையன் வந்து தேத்தண்ணியை வைத்துவிட்டுப் போவான். அந்தப் பையன் இரவில் எங்கே படுக்கிறான் என்று எழுதியவரைக் கேட்டால் விடை வருமா? கதையில் அதை எழுதவேண்டியதில்லை. எழுதுபவருக்குத் தெரிந்திருந்தால் போதும், அவன் கிளாஸை வைக்கும் விதமே மாறிவிடும்.

அவனுக்கு இதுவரை வேறு அழைப்பு எதுவும் வரவில்லை. கொமியுனிகேஷன் கடைக்காரர் இரண்டாவது தொடருக்குச் சீட்டுச் சேர்க்கிறார். அதில் இவனுக்கு எத்தனை வசனம் என்று முடிவாகவில்லை. இவன் கேட்கவுமில்லை. இப்போது அடுத்த தெருவில் ஒரு மாடி வீட்டு வேலை. பகல் சாப்பாட்டு நேரத்தில் சீமெந்துப் பையின்மேல் அமர்ந்து, தலைமை மேசன் கோபம் வந்தால் கரண்டியை எப்படி வைக்கிறார் என்று கவனித்து, சீயார் கொப்பியில் எழுதி வைக்கிறான். கொப்பி முடியப்போகிறதென்று சொன்னான். புதிது ஒன்று வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.